ஆண்டுக் கணக்கும் அடுப்படிச் சிக்கனமும்

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’ என்பதாகும். பொருட்பாலில், அரசியலில், வேந்தனை நோக்கிச் சொல்லப்பட்ட அதிகாரம் அது. தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவர் வலிமை ஆகியவற்றைத் தூக்கிப் பார்த்த பின்னரே வினையில் இறங்க வேண்டும் என்று தொடங்கும் வள்ளுவர், மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். நுனிக்கொம்பையும் தாண்டி ஏற முயல்பவனுக்கு நேரும் கதியைக் கூறுகிறார். போரைப் பற்றிய பேச்சு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இறுதி நான்கு குறட்பாக்களில் வரவு செலவின் பக்கம் திரும்பிவிடுகிறார். வருவாய் வரும் வழி குறுகியதாக இருந்தாலும் கேடில்லை, செலவு போகும் வழி அகலாமல் இருந்தால் போதும் என்பது அங்கு அவர் தரும் கருத்துகளுள் ஒன்று. அளவறிந்து செலவிடுக என்னும் இவ்வறிவுரை, படையும் கருவூலமும் உடையவனுக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது சொல்லப்படவில்லை.

இன்றைய நிலை நேர்மாறானது. சிக்கனம் என்றவுடன் இதழ்களும் வானொலியும் தொலைக்காட்சியும் குடும்பத் தலைவியைத்தான் அழைக்கின்றன. எண்ணெயைக் குறைத்து ஊற்றுக, மீந்த சோற்றை வீணாக்காதீர், காய்கறியைச் சந்தையில் மாலைப் பொழுதில் வாங்குக, எரிவாயுவை மிச்சப்படுத்துக. இவையெல்லாம் நல்ல குறிப்புகளே. ஆயின் இவற்றைப் பெறும் பெண், இதழாசிரியர்களுக்கும் நமக்கும் முன்னரே இவற்றை அறிந்தவள். ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைக்கும் வழக்கத்தை நம் பாட்டிமார்களுக்கு எந்தப் பொருளியல் நூலும் கற்றுத் தரவில்லை. நம் பகுதிக் குடும்பங்கள் கடனில் விழுவது உப்பாலும் புளியாலும் அன்று. ஆண்டில் நான்கைந்து முறை வருகின்ற பெருஞ்செலவுகளால் விழுகின்றன. அச்செலவுகளுக்கு ஆண்டு தொடங்கும்போதே இடம் ஒதுக்காமையால் விழுகின்றன. அவற்றைக் குறைக்கும் அதிகாரமும் பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவளின் கையில் இல்லை. இவ்வெளிய கருத்தை மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் ஆகிய மூவர் முன்னும் வைக்க விழைகின்றேன்.

மாதச் சம்பளம் பெறுவோருக்கு மாதக் கணக்கு பொருந்தும். முதல் தேதி வரவு, முப்பதாம் தேதி இருப்பு என்று அவர்கள் எழுதலாம். கள்ளக்குறிச்சி வட்டாரம் அவ்வாறு வாழும் வட்டாரம் அன்று. 1993 வரை தென்னார்க்காட்டிலும், பின்னர் விழுப்புரத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான இந்நிலப்பரப்பு கரும்பையும் நெல்லையும் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் நம்பி வாழ்கிறது. கரும்பு ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளாயினும் பிற ஆலைகளாயினும் வெட்டு உத்தரவு வந்தால்தான் கரும்பு வயலை விட்டு நகரும். ஆலைக்குச் சென்ற கரும்புக்கு 14 நாள்களுக்குள் பணம் தரப்படல் வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தரப்படல் வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. நாடெங்கும் கரும்பு விவசாயிகள் நிலுவைத் தொகை கேட்டுப் போராடிய செய்திகளைப் படித்தோர்க்கு அவ்விதியின் நடைமுறை மதிப்பு விளங்கும்.

மரவள்ளியும் அவ்வாறே. நட்டுப் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். தோண்டிய கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை கட்டுவார்கள். எடை நம் கண்ணுக்குத் தெரியும். பாயிண்ட் அளப்பவர் கண்ணுக்கே தெரியும். ஆக, உழவர் வீட்டில் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, சில வீடுகளில் இருமுறை வருகிறது. வயிறு மட்டும் நாள்தோறும் மூன்று முறை கேட்கிறது. பள்ளி சூன் மாதத்தில் கேட்கிறது. மழைக்காலம் கூரையைக் கேட்கிறது. நோய் எந்த மாதத்தையும் பார்ப்பதில்லை.

மேற்கே கல்வராயன் மலையில் இந்நிலை இன்னும் கடுமையானது. அம்மலைப்பகுதி, நாடு விடுதலை பெற்ற பின்னரும் மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. 1976இல்தான் அது அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாம் உழுத நிலத்திற்குத் தாமே உரிமையாளர் என்று சொல்லும் தாள் அம்மக்களிடம் இல்லை. பட்டா இல்லாத நிலத்தை நம்பி வங்கி கடன் தருவது அரிது. வங்கி தராத இடத்தில் வியாபாரி முன்பணம் தருவார். முன்பணம் தந்தவரே விலையையும் சொல்லுவார். இத்தகைய வீட்டுக்காரரிடம் சென்று, ‘ஐயா, சிக்கனமாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுவது எத்துணை பொருத்தமற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக் கணக்கு எழுதுவதற்கு ஆண்டு முழுதும் நிலம் தனதாக இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பின்னரும் அம்மக்களின் குறைகள் ஓய்ந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்கும் அளவுக்கு அவை இருந்தன.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இது கற்பனைக் குடும்பத்தின் கணக்கே; ஆயினும் இதைப் படிக்கும் மாணவர் பலர் தத்தம் வீட்டை இதில் அடையாளம் காணக்கூடும். ஐந்து பேர் கொண்ட உழவர் குடும்பம். சாகுபடிச் செலவு போக, தை மாதத்தில் மரவள்ளியால் கிடைப்பது 80,000 ரூபாய். கூலி வேலையால் ஆண்டில் 48,000. கறவை மாட்டுப் பாலால் 40,000. ஆடு, கோழி விற்ற வகையில் 12,000. மொத்த வரவு 1,80,000 ரூபாய். செலவில், நியாயவிலைக் கடை அரிசி போக மற்றை உணவுச் செலவு மாதம் 7,000 வீதம் 84,000. பள்ளி, கல்லூரிச் செலவு சூன் மாதத்தில் 20,000. பண்டிகையும் துணியும் 15,000. மருத்துவம் 15,000. மொய்யும் உறவினர் வீட்டு நன்மை தீமைகளும் 12,000. வீடு செப்பனிட 8,000. மின்சாரம், எரிவாயு, கைப்பேசி, பேருந்து ஆகியவற்றிற்கு 18,000. கூட்டினால் 1,72,000. ஆண்டு முடிவில் 8,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும். தாளில் நிற்கிறது, வீட்டில் நிற்பதில்லை. ஏன்?

தையில் வந்த 80,000 ரூபாய் சித்திரை வருமுன் கரைந்துவிடுகிறது. பழைய கடன், ஒரு திருமணம், ஒரு புதிய கைப்பேசி என்று அது போகிறது. சூன் மாதம் பள்ளி திறக்கும்போது 20,000 ரூபாய் இல்லை. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் வாங்குகிறார்கள். அடுத்த தையில்தான் திருப்ப முடியும், எட்டு மாதம். வட்டி மட்டும் 8,000 ரூபாய். ஆண்டு முழுதும் நிற்க வேண்டிய மிச்சம் அப்படியே போயிற்று. இனி இதே வீட்டுப் பெண், இதழில் வந்த குறிப்புகளையெல்லாம் தவறாமல் கடைப்பிடித்து உணவுச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டதாகக் கொள்வோம். பன்னிரண்டு மாதம் பிள்ளைகளின் வயிற்றைச் சுருக்கி அவள் மீத்தது 8,400 ரூபாய். ஒரே ஒரு பள்ளிக்கட்டணக் கடனின் வட்டிக்கு அது சரியாகிவிடுகிறது. தையிலேயே 20,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தால் அவள் பிள்ளைகள் பாலும் முட்டையும் உண்டிருக்கலாம்.

தண்டல் கணக்கு இதனினும் வியப்புக்குரியது. 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவார்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் திருப்ப வேண்டும். வாங்குபவர் இதைப் பத்து விழுக்காடு என்றே நினைக்கிறார். நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதையும், காலம் 100 நாளே என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. ஆயினும் தண்டல்காரரின் இருசக்கர வண்டி விடியற்காலையில் வந்து நிற்காத தெருக்கள் சிலவே. சட்டத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாள் கணக்கில் பார்ப்பவருக்கு 100 ரூபாய் சிறிது. ஆண்டுக் கணக்கில் பார்ப்பவருக்கே அதன் உருவம் தெரியும்.

இது நம்மூர்ச் செய்தி மட்டும் அன்று. டேரில் காலின்ஸ், ஜோனதன் மொர்டக், ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட், ஆர்லாண்டா ருத்வென் ஆகிய நால்வர் 2009ஆம் ஆண்டில் ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த புவர்’ என்றொரு நூலை வெளியிட்டனர். வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை, ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை நேரில் சென்று கேட்டு, ஓராண்டு முழுதும் பதிந்ததன் விளைவு அந்நூல். ஏழையின் துன்பம் வருவாய் குறைவு என்பதோடு நிற்பதில்லை, அது ஒழுங்கற்று வருவதும் துன்பமே என்பது அவர்கள் கண்ட உண்மை. மற்றொன்றும் கண்டனர். அக்குடும்பங்களுள் ஒன்றுகூட ‘அன்றாடம் வந்தது அன்றே போயிற்று’ என்று வாழவில்லை. கைமாற்று, சீட்டு, சேமிப்பு, கடன் என்று குறைந்தது நான்கு வகை வழிகளையேனும் ஒவ்வொரு குடும்பமும் கையாண்டது. ஏழைக்குக் கணக்குத் தெரியாது என்று மேடைகளில் பேசுவோர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

வருவாய் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்று செர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் எழுதினார். இந்திய ஊரகக் குடும்பங்களில் அப்பங்கு 2023-24ஆம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி ஏறத்தாழ 47 விழுக்காடு. அதாவது செலவில் பாதிக்கும் மேற்பட்டது இப்போது உணவு அல்லாதவற்றிற்குப் போகிறது. நம் அறிவுரைகளோ இன்னும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை! சப்பானில் ஹனி மொதொகோ என்னும் பெண் இதழாளர் 1904ஆம் ஆண்டிலேயே குடும்பங்களுக்கென்று ‘ககேபோ’ என்னும் கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு பின் செலவிடுவது அதன் முறை. அந்த ஏடு இன்றும் அங்கு வழக்கில் இருக்கிறது. நம் இல்லங்களில் பால் கணக்கு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதப்படுகிறது. ஆண்டின் கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை.

முன்னோர் எழுதாவிட்டாலும் கட்டி வைத்திருந்தார்கள். குதிரும் தொம்பையும் வேறென்ன? அறுவடை நாளிலேயே விதைக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று தானியம் பிரிக்கப்பட்டுவிடும். கேழ்வரகு பூச்சி தாக்காமல் நெடுங்காலம் கெடாதிருக்கும் தானியமாதலின் அதுவே வறண்ட நிலத்து மக்களின் வங்கியாக இருந்தது. மலையில் சாமைக்கும் கேழ்வரகுக்கும் இருந்த இடத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. மரவள்ளி நல்ல காசு தருகிறது; அதைக் குறை கூறவில்லை. ஆனால் கிழங்கைக் குதிரில் வைத்துக் காக்க முடியாது. தோண்டிய சில நாளில் விற்றே ஆக வேண்டும். தானியம் வீட்டில் இருந்தபோது அதுவே தன்னைத் தானே ஆண்டு முழுதும் பங்கிட்டுக்கொண்டது. ஒரே நாளில் யாரும் மூட்டை மூட்டையாக உண்டுவிட முடியாது. பணத்தை ஒரே நாளில் உண்டுவிட முடிகிறது.

நபி யூசுஃப் அவர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். மன்னன் கண்ட கனவுக்குப் பொருள் கூறுகையில், விளைச்சல் மிகுந்த ஏழாண்டுகளில் உண்பதற்குச் சிறிது போக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைக்குமாறு அவர் வழிகாட்டியதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. கதிரிலிருந்து பிரிக்காமல் வைத்தல் என்னும் அந்நுட்பத்தை உழவர் உடனே புரிந்துகொள்வர். பிரித்த தானியம் பூச்சிக்கும் எளிது, செலவுக்கும் எளிது. ஏழாண்டுத் திட்டம் தீட்டிய ஒருவரை நபியென்று போற்றும் நாம் ஓராண்டுத் திட்டம் தீட்டத் தயங்குவது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

இசுலாமிய நெறியில் ஆண்டுக் கணக்கு ஒரு கடமையாகவே அமைந்துள்ளது. ஜகாத் கொடுப்பவர், வரையறுத்த அளவுக்கு மேற்பட்டுத் தம்மிடம் ஓர் ஆண்டு முழுதும் தங்கிய செல்வத்தில் இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் கணக்கிட வேண்டும். கணக்கிடுவதற்கு முன் எழுதியிருக்க வேண்டும். விளைபொருளுக்கு விதி வேறு. ஆண்டு நிறைவுக்குக் காத்திராமல் அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். மழையால் விளைந்ததாயின் பத்தில் ஒன்று. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைந்ததாயின் இருபதில் ஒன்று. உழைப்பும் செலவும் மிகுந்த இடத்தில் பங்கு பாதியாகக் குறைவதை நோக்குங்கால், வரவை மட்டும் பாராமல் செலவையும் பார்க்கும் கணக்கு இது என்பது விளங்கும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர் பலரிடம் கேட்டால் விழிப்பார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது அது. நம் வீடுகளில் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பது வீட்டுக்காரர் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் கண் மூடினால் அந்நினைவும் மறைகிறது.

முசுலிம் குடும்பங்கள் கருத வேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களே கொண்டது. எனவே நோன்பும் பெருநாளும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கின்றன. நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 11ஆம் நாளும், 2025இல் மார்ச் 31ஆம் நாளும் வந்தது. 2030, 2031ஆம் ஆண்டுகளில் அது தை மாதத்திற்கே வந்துவிடும்; கிழங்கு விற்ற பணம் கையில் இருக்கும் காலம். அதன் பின்னர் மார்கழிக்கும், கார்த்திகைக்கும், 2038 அளவில் ஐப்பசிக்கும் நகரும். அடைமழையில் கூலி வேலையும் இல்லாது, பயிரும் கைக்கு வராது கிடக்கும் மாதங்கள் அவை. உழவு சூரியனைப் பின்பற்றுகிறது. நோன்பு பிறையைப் பின்பற்றுகிறது. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து வாழ்பவர்க்குச் சென்ற ஆண்டின் கணக்கு இவ்வாண்டுக்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதவேண்டிய கணக்கு நம்முடையது.

இனிப் பெரியோர்களின் பக்கம் வருகின்றேன். மேற்காட்டிய கற்பனைக் கணக்கில் திருமணத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கணக்கே நின்றிராது. 1,80,000 ரூபாய் ஆண்டு வரவுள்ள குடும்பம் மகளின் திருமணத்திற்கு ஐந்து இலட்சம் செலவிடுமாயின் ஏறத்தாழ மூன்றாண்டு வரவை ஒரு நாளில் கொடுக்கிறது. மார்க்கம் மணமகன் மீது மஹரைக் கடமையாக்கியிருக்க, நாம் மணமகளின் தந்தை மீது கைக்கூலியைக் கடமையாக்கினோம். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. கைக்கூலி வாங்கும் திருமணத்தை நடத்திக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்த ஜமாஅத்துகளும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் மண்டபத்தின் அளவும், பிரியாணி அண்டாக்களின் எண்ணிக்கையும், சீர்வரிசையும் எந்தத் தீர்மானத்திலும் இடம்பெறுவதில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்று அஞ்சியே ஏழை கடன் வாங்குகிறான். அந்த ஊர் என்பது யார்? இம்மலரைப் படிக்கும் நாமே அன்றோ! நம்முள் வசதியுள்ளோர் முந்நூறு பேருக்கு விருந்திட்டு நிறுத்திக்கொண்டால், வசதியில்லாதவர் நூறு பேரோடு நிறுத்திக்கொள்ளத் துணிவர். வசதியுள்ளவரின் சிக்கனம் அவருக்கு மட்டும் உரியதன்று. அடுத்த தெரு ஏழைக்கு அது அனுமதிச் சீட்டு.

மொய் பற்றியும் ஒரு சொல். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடைபெறுவது யாவரும் அறிந்ததே. இலட்சக்கணக்கில் ஒருவருக்குச் சேரும் அத்தொகை, பல ஆண்டுகளாக அவர் பிறருக்குச் செய்ததன் திருப்பமே. அதைச் சிலர் பழிக்கின்றனர். சிறு தொகைகளைப் பெருந்தொகையாக்கும் ஊரார் வங்கி என்று பார்த்தால் அதில் அறிவு இருக்கிறது. நம் பகுதி மொய்யில் அவ்வறிவு குறைவு. எழுதுகிறோம், ஆனால் எப்போது திரும்பும் என்று எண்ணி எழுதுவதில்லை.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு குடும்பச் செலவைப் பற்றி எழுதுபவர் மதுவைப் பற்றி எழுதாமல் செல்ல முடியாது. 2024 சூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாண்டவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். கடைச் சரக்கைவிட மலிவு என்பதாலேயே அதை நாடினர். குடிப்பவர் நாளுக்கு 150 ரூபாய் செலவிடுவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். நாம் மேலே பார்த்த குடும்பத்தின் கல்வி, மருத்துவம், பண்டிகை மூன்றையும் கூட்டினாலும் 50,000 தான். இத்தொகையை எந்தப் பெண்ணும் தன் சிக்கனத்தால் ஈடுகட்ட இயலாது. நம் சமுதாயத்தில் இப்பேச்சுக்கு இடமில்லை என்று பெரியோர் சிலர் கூறக்கூடும். இடமில்லாமற் போனால் மகிழ்ச்சியே. ஆயினும் நம் தெருக்களிலும் மாலையில் சற்று நடந்து பார்த்த பின் அதைக் கூறுவது நலம்.

‘அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உண்பவனுக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு?’ என்னும் கேள்வி நியாயமானதே. வரவே போதாத இடத்தில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் போதாது. அங்கு வேண்டுவது கூலி உயர்வும், பட்டாவும், உரிய காலத்தில் கரும்புப் பணமும். வறுமைக்குச் சிக்கனத்தை மருந்தாகக் கூறுவது பசித்தவனுக்கு நோன்பின் மாண்பைக் கூறுவது போன்றது. ஆயினும் கூலிக்காரர் வீட்டிலும் சூன் மாதம் வருகிறது, மழை வருகிறது, நோய் வருகிறது. அவர் நாளுக்கு 20 ரூபாயைத் தண்டல்காரருக்குக் கொடுப்பதற்கு மாறாகத் தமக்கே கொடுத்துக்கொண்டால் ஆண்டில் 7,300 ரூபாய். இதற்குத் தனி மனிதரின் மன உறுதி மட்டும் போதாது. ஒரு ஏற்பாடு வேண்டும். 1989இல் தருமபுரியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சேலத்திற்கும் தென்னார்க்காட்டிற்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அத்தகைய ஏற்பாடு. குழுவில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அதுவே அதன் நன்மை. அஞ்சலகத் தொடர் வைப்பும் அவ்வாறே. சில ஊர்களின் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் வழங்குகின்றன. அவை பெரும்பாலும் இடர் நேர்ந்த பின்னரே உதவுகின்றன. சூன் மாதத்துக் கல்விச் செலவுக்கென்று மட்டும் ஒரு தொகையை ஒதுக்கித் தையில் திருப்பிப் பெறும் முறையை அவை மேற்கொண்டால், அதுவே ஒரு வட்டாரத்தின் கந்துவட்டியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். வருகின்ற தை மாதத்தில் பெற்றோரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் பன்னிரண்டு பக்கங்களைத் தமிழ் மாதத்திற்கு ஒன்றாக ஒதுக்குங்கள். அரிசி, பருப்பு எழுத வேண்டா. அவற்றை உங்கள் தாயார் அறிவார். அந்தந்த மாதத்தில் வரக்கூடிய பெருஞ்செலவை மட்டும் எழுதுங்கள். ஹிஜ்ரி மாதத்தையும் ஓரத்தில் குறியுங்கள். பணம் வரும் மாதத்தையும் செலவு வரும் மாதத்தையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அக்கோடு நீண்டிருக்கும் இடத்தில்தான் உங்கள் வீட்டுக் கடன் பிறக்கிறது. கணக்கை எழுதும்போது தந்தையார் மட்டும் பேசத் தாயார் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வேண்டா.

ஆசிரியர்களுக்கும் நிருவாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மலையிறங்கி வந்து படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டில் கிழங்கு தோண்டுவது தை, மாசியில். கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கேட்கப்படுவது சூன், சூலையில். இடையில் நான்கைந்து மாதங்கள். கட்டணத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. முன்கூட்டியே செலுத்த விரும்பும் பெற்றோரிடமிருந்து மாசி மாதத்திலேயே அடுத்த ஆண்டுக் கட்டணத்தைப் பகுதி பகுதியாகப் பெற்று இரசீது கொடுக்கும் ஒரு சாளரத்தைத் திறக்கலாம். முன்னரே கட்ட இயலாதவரிடம், உரிய சான்றின் பேரில், அடுத்த தை வரை தவணை கொடுக்கலாம். அலுவலகத்திற்கு ஒரு பதிவேடு கூடுதலாகத் தேவைப்படும், வேறு செலவில்லை. அடுத்த மாசிக்குள் இது நடைமுறைக்கு வருமாயின், மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வரும் அதே லாரியில் ஏறி வந்து ஒரு தந்தை கட்டணத்தைக் கட்டிவிட்டு, இரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப முடியும்.